கிணற்று வீட்டுக்குப் பக்கத்து வீடு

“கிணத்து வீட்டுக்குப் பக்கத்து வீடு இதுதானேம்மா?”

கொரியர்காரன் வண்டியை விட்டு இறங்காமலேயே கேட்டான். பெரியவள் வாசல் கம்பிக்கதவைப் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் திரும்பவும் கேட்டான். பொட்டலத்தின் மேலிருந்த பெயரைப் படித்துக் காட்டினான். அவள் வீட்டுக்காரரின் பெயர்தான். தையல் எந்திரத்துக்கு அவர் வரவழைத்திருந்த ஊசிப் பெட்டி. வாங்கிக்கொண்டு உள்ளே வந்து மேசைமேல் எறிந்தாள். எறிந்த வேகத்தில் பெட்டி வழுக்கிப் போய்ச் சுவரில் முட்டியது.

“மோட்டார்க்காரம்மா வீடுன்னா இந்தத் தெருவுல நாய்கூட வழி காட்டும். இப்ப என்னடான்னா, கிணத்து வீட்டுக்குப் பக்கத்து வீடாம். நாம பக்கத்து வீடு ஆயிட்டோம், கேட்டீங்களா?”

தையல்காரர் பல்லிடுக்கில் நூலைக் கடித்திருந்தார். அதை அறுத்துவிட்டு, “வீடு அங்கயேதானே இருக்கு. விடு” என்றார்.

அவருக்கு எல்லாமே ‘விடு’தான். அப்பா வைத்துவிட்டுப் போன மனையின் நடுவே சுவர் எழுப்பி அண்ணனும் தம்பியும் பிரித்துக்கொண்டபோதும் இதே ‘விடு’வைச் சொல்லித்தான் உறைக்கிணற்றைத் தம்பி பக்கம் விட்டுக்கொடுத்தார். தையல் கடைக்குத் தோதாகப் பெரிய முன்னறை தன் பக்கம் வந்ததில் மனிதருக்கு அப்படி ஒரு திருப்தி. முன்னறையை வைத்துக்கொண்டு பல் துலக்க முடியுமா என்று அவள் கேட்டதற்கும் அதே ‘விடு’தான்.

கொழுந்தன் மனைவியான ஓரகத்தி வீட்டு வாசலில் குடத்தோடு போய் நிற்க அவளால் முடியாது. நின்றும் பார்த்தாள், ஒரு மாதம். சின்னவள் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. “வாங்கக்கா, நானே இறைச்சுத் தர்றேன்” என்று கயிற்றைக் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்குவாள். அதுதான் பெரியவளுக்குத் தாங்கவில்லை. கடுமையாக ஏதாவது சொல்லித் தொலைத்திருந்தால் திருப்பிச் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்து, நடுச்சுவரை ஒட்டினாற்போலவே போர் போட்டாள். தெருவில் வேறு யாரும் போகாத ஆழத்துக்குப் போகச் சொன்னாள். அடுத்த கோடையில் சின்னவளின் கிணறு வற்றியது. எதனால் வற்றியது என்று யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. சின்னவள்கூட, “மழையே இல்லையேக்கா, கிணறு மட்டும் என்ன பண்ணும்?” என்றாள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் பெரியவளின் ராஜ்ஜியம். தெருவில் அடிகுழாய்கள் ஒன்றொன்றாகக் காற்றை மட்டும் துப்பத் தொடங்கின. அவள் வீட்டு மோட்டார் உறுமும் சத்தம் கேட்டால் போதும், குடங்கள் வாசலுக்கு வந்துவிடும். இஸ்திரிக்கடைக்காரர், பள்ளிக்கூட ஆயா, மாடிவீட்டுப் புதுப்பெண் என்று எல்லாரும் வருவார்கள். ஒருவரிடமும் அவள் காசு வாங்கியதில்லை. தண்ணீருக்கு யாராவது காசு வாங்குவார்களா என்று கேட்பதற்காகவே வாங்கவில்லை. ரப்பர் குழாயை மட்டும் யார் கையிலும் கொடுக்கமாட்டாள். தானேதான் பிடிப்பாள். வரிசையில் யார் எங்கே நின்றாலும் சின்னவளின் குடத்துக்குத்தான் முதல் தண்ணீர். “நம்ம வீட்டுப் பொண்ணு, மொதல்ல அவ பிடிச்சுக்கட்டும்” என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்வாள். சின்னவள் குனிந்து குடத்தைப் பிடித்திருப்பாள். மேலே நின்று பார்க்கும் பெரியவளுக்கு அந்தத் தலையின் வகிடு நேர்கோடாகத் தெரியும். அந்தக் கொடையில் பெருந்தன்மை இல்லாமல் இல்லை. அதைவிட ருசி அதிகமாக இருந்தது.

அப்படி இருந்த தெருவில்தான் ஒருநாள் மஞ்சள் வண்டி வந்து ரோட்டைப் பிளந்தது. எங்கோ மலையடிவார அணையிலிருந்து ஊருக்கெல்லாம் தண்ணீர் வரப்போகிறது என்றார்கள். நீலக்குழாய்களை உருட்டிக்கொண்டு வந்து போட்டார்கள், புதைத்தார்கள், மண்ணை மூடாமல் விட்டுவிட்டுப் போனார்கள், திட்டு வாங்கிய பிறகு வந்து மூடினார்கள். இதெல்லாம் நடக்கிற காரியமா என்று பெரியவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆனால் நடந்துவிட்டது. வீட்டுக்கு வீடு குழாய், குழாய்க்குக் குழாய் மீட்டர். முதல்நாள் தண்ணீர் வந்தபோது தெருவே வாசலில் நின்று கைநிறையப் பிடித்து முகத்தில் அடித்துக்கொண்டது. அவள் வீட்டிலும் வந்தது. நன்றாகவே வந்தது. மறுநாள் காலை வழக்கம்போல மோட்டாரைப் போட்டுவிட்டு, ரப்பர் குழாயோடு வாசலில் போய் நின்றாள். ஒரு குடம்கூட வரவில்லை. இஸ்திரிக்கடைக்காரர் மட்டும் அந்தப் பக்கமாகப் போனவர் நின்று, “இனிமே உங்களுக்குத் தொந்தரவு இல்லம்மா. பாவம், எத்தனை வருஷம் கஷ்டப்பட்டீங்க” என்றார். நல்ல மனுஷன்தான். நாலு நல்ல வார்த்தை சொன்னோம் என்று போய்விட்டார். தொந்தரவு என்று யார் சொன்னது என்று அவள் உள்ளுக்குள் கொதித்துக்கொண்டு நின்றாள்.

இதோடு போயிருந்தால் மெல்ல மெல்ல ஆறியிருப்பாள். ஆனால் குழாய்த் தண்ணீர் வந்ததும் பின்தெரு அடுக்குமாடிக்காரர்கள் மோட்டாரை நிறுத்தினார்கள். சலவைக்கூடம் நிறுத்தியது. காலிமனைகளில் உறிஞ்சி விற்றுக்கொண்டிருந்த லாரிக்காரர்கள் வேறு பிழைப்பைப் பார்க்கப் போனார்கள். நடுவில் மழையும் ஒழுங்காகப் பெய்தது. ஒரு நாள் மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “அக்கா, அக்கா, இங்க வந்து பாருங்களேன்” என்று சின்னவளின் குரல் கேட்டது. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பெரியவள் ஈரக்கையோடு ஓடினாள். கிணற்றின் மேல் மூடியிருந்த தகரத்தை நகர்த்திவிட்டு, உடைந்த நாற்காலியும் பழைய பூந்தொட்டிகளும் கிடக்கும் அடியைச் சின்னவள் காட்டினாள். ஒரு பிளாஸ்டிக் தொட்டி மிதந்துகொண்டிருந்தது.

அன்றைக்குப் பெரியவள் சிரித்தாள். “நல்லதாப் போச்சு” என்றுகூடச் சொன்னாள். வீட்டுக்கு வந்து, துலக்கி வைத்திருந்த பாத்திரங்களையே மறுபடி எடுத்துத் துலக்கினாள்.

சின்னவள் கிணற்றைத் தூர்வாரினாள். சுற்றிலும் வெள்ளையடித்தாள். தண்ணீர் உறை உறையாக மேலே ஏறியது. தெரு ஜனம் வந்து எட்டிப் பார்த்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதில் என்ன அதிசயம் இருக்கிறது? செத்துப்போன கிணறு உயிரோடு வருவதுதான் அதிசயம். குடிக்கக் குழாய்த் தண்ணீர் இருந்தாலும், கிணற்றுத் தண்ணீரில்தான் துணி வெளுக்கிறது, செடி துளிர்க்கிறது என்று ஆளாளுக்கு ஒரு வாளி கொண்டுபோனார்கள். சின்னவள் யாருக்கும் வரிசை வைக்கவில்லை. கயிற்றை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு அவள் பாட்டுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். மாடிவீட்டுப் புதுப்பெண் கிணற்றடியில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசினாள். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை, அது கிணற்று வீடு ஆகிவிட்டது.

“நம்ம போர்லயும்தான் ஏறியிருக்கும்” என்றார் தையல்காரர். “தெருவே மோட்டாரை நிறுத்திடுச்சு. பூமிக்குள்ள இருக்கிறது உன் தண்ணி, அவ தண்ணின்னு பிரிஞ்சா கிடக்கு?”

ஏறியிருக்கலாம். ஏறி என்ன? அவளிடம் இருப்பது தரையிலிருந்து முழ நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் மூடிபோட்ட குழாய். அதற்குள் எவ்வளவு ஏறினாலும் யார் வந்து எட்டிப் பார்ப்பார்கள்? கிணற்றுக்கு ஒரு வாய் இருக்கிறது. குனிந்தால் வானம் தெரிகிறது, நம் முகம் தெரிகிறது. அவளுடைய போர் முகமில்லாத ஜடம். இத்தனை ஆழம் போகச் சொன்னோமே, எட்டிப் பார்க்கிற மாதிரி ஒன்றைத் தோண்டியிருக்கக்கூடாதா என்று அர்த்தமில்லாமல் நினைத்துக்கொண்டாள்.

கொரியர்காரன் வந்துபோன அன்று மத்தியானம், தையல்காரர் சாப்பிட்டுவிட்டுத் துணியெடுக்கக் கடைவீதிக்குப் போனதும், பெரியவள் மோட்டாரைப் போட்டாள். ரப்பர் குழாயின் நுனியைக் கொண்டுபோய்ச் சாக்கடைக்குள் விட்டாள். அது துள்ளி வெளியே வராமலிருக்க மேலே ஒரு கல்லை வைத்தாள். பிறகு துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இது என்ன காரியம் என்று அவளுக்கே தெரியும். தண்ணீருக்காகத் தெருவே நாயாய் அலைந்த காலத்தில், குழாய் ஒழுகவிட்டதற்காகப் பள்ளிக்கூட ஆயாவை நிற்கவைத்துத் திட்டியவள் அவள். ஆனாலும் எழுந்து நிறுத்தத் தோன்றவில்லை. கீழே கண்ணுக்குத் தெரியாத இடத்தில், சுவரைத் தாண்டி ஒரு கை போய் அந்தக் கிணற்றைத் தொடுகிறது என்ற நினைப்பே அவளுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

தினமும் போட்டாள். சாயங்காலம் சின்னவள் வாளியை இறக்கும்போது பெரியவள் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுப்பாள். முன்பெல்லாம் உருளை இரண்டு முறை கிரீச்சிடுவதற்குள் வாளி தண்ணீரில் விழும். இப்போது உருளை இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றியது. பிறகு இன்னும் கொஞ்சம். கயிறு போதாமல் சின்னவள் நுனியில் இன்னொரு துண்டைச் சேர்த்துக் கட்டியதை மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போது பார்த்தாள். அன்றைக்கு அவளுக்கு வயிறு நிறையச் சாப்பிட முடிந்தது. வாய் தானாக எதையோ முணுமுணுத்துப் பாடியது. தையல்காரர் அளவெடுப்பதை விட்டுவிட்டு ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தார்.

சின்னவள் வந்தபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நல்லவேளையாக அவள் பின்பக்கம் வரவில்லை; வாசற்படியிலேயே நின்றாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே பேச்சை ஆரம்பித்தாள்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்ச நாளா உங்க மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கே. கிணறும் இறங்கிக்கிட்டே வருது. அதுக்காகக் கேக்கல. உங்க குழாயில தண்ணி வரலையா?”

இப்படி ஒரு வாசலைத் திறந்துவிட்டால் யார்தான் நுழையமாட்டார்கள்?

“ஆமா” என்றாள் பெரியவள். “வரல. சொட்டுச் சொட்டா வருது. என்ன பண்ணச் சொல்ற?”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா.”

“சொல்லி?”

சின்னவளின் முகம் வாடிப்போனது. தனக்கு வருகிறதே, அக்காவுக்கு வரவில்லையே என்று அந்த முகத்தில் அப்பட்டமாக எழுதியிருந்தது. அதைப் பார்க்கப் பெரியவளுக்கு எரிச்சலாக வந்தது. இவளுக்கு மட்டும் எப்படி எதற்கெடுத்தாலும் மனசு இளகித் தொலைக்கிறது? கிணறு ஒன்று போதாதென்று இதையும் பாகம் பிரிக்கும்போது அவள் பக்கமே கொடுத்துவிட்டார்களா?

பொய் சொன்ன நாக்கு அதோடு அதை மறந்துவிட்டது. சின்னவள் மறக்கவில்லை. குடிநீர் அலுவலகத்துக்கு நேரில் போய், வெயிலில் நின்று, எங்க அக்கா வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை, அவங்க வாய் திறந்து கேக்கிற ஆள் இல்லை, நீங்கதான் வந்து பாக்கணும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். இது பெரியவளுக்குத் தெரிந்தது கடப்பாரையோடும் மண்வெட்டியோடும் மூன்று பேர் வாசலில் வந்து நின்றபோதுதான். கூடவே சின்னவளும் நின்றாள். கடப்பாரையைக் கண்டதும், ரோட்டை மறுபடி தோண்டப் போகிறார்களா என்று இஸ்திரிக்கடைக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார். மாடிவீட்டுப் புதுப்பெண் மேலேயிருந்தே எட்டிப் பார்த்தாள்.

“எங்கம்மா அடைப்பு?” என்றார் குழாய்க்காரர்.

“இப்ப... இப்ப பரவால்ல” என்றாள் பெரியவள்.

“வந்தது வந்தோம், பாத்துட்டே போறோம்” என்று அவர் குனிந்து குழாயைத் திருகினார். தண்ணீர் சீறிக்கொண்டு வந்து தரையில் மோதி, அவர் சட்டையைத் தொப்பலாக நனைத்தது. அவர் பின்வாங்கி, முகத்தை வழித்துக்கொண்டு, கூட வந்தவர்களைப் பார்த்தார். “இதுக்கு மேல வேகம் வேணும்னா தீயணைப்பு வண்டியைத்தான் கூப்பிடணும்.” இஸ்திரிக்கடைக்காரர் சிரித்துவிட்டார். மேலேயிருந்தும் சிரிப்புச் சத்தம் கேட்டது.

சின்னவள் சிரிக்கவில்லை. குழாயைப் பார்த்தாள். பிறகு வீட்டின் பக்கவாட்டுச் சந்து வழியாக அவள் பார்வை பின்னால் போனது. ரப்பர் குழாய் பாம்புபோல நீண்டு சாக்கடைக்குள் தலையை விட்டிருந்தது; மேலே கல். சாக்கடையின் இரண்டு பக்கமும் புதுப்பாசி பச்சைப் பசேலென்று பிடித்திருந்தது. கொஞ்ச நாளில் பிடித்த பாசி என்று பார்த்தாலே தெரியும். பெரியவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. இப்போது கேட்கட்டும், தெருவே பார்க்கக் கேட்கட்டும், பதிலுக்கு நானும் பாகப்பிரிவினையிலிருந்து ஆரம்பிக்கிறேன் என்று மனதுக்குள் வரிந்து கட்டிக்கொண்டு நின்றாள்.

“நேத்துவரைக்கும் வரலைங்க” என்றாள் சின்னவள் குழாய்க்காரரிடம். “நானே என் கண்ணால பாத்தேன். ஏதாவது கசடு அடைச்சிருந்து இப்ப போயிருக்கும். சிரமத்துக்கு மன்னிச்சுக்கங்க.”

சொல்லிவிட்டுப் பெரியவளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். குழாய்க்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினார்கள். பெரியவள் குழாயை மூடவும் தோன்றாமல் நின்றாள். கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. கையும் களவுமாகப் பிடித்தவள் கட்டி இழுத்துக்கொண்டு போகவேண்டியதுதானே? அதை விட்டுவிட்டு, போர்த்திவிட்டுப் போகிறாள்.

அன்று சாயங்காலம் அந்தப் பக்கம் உருளைச் சத்தம் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. பெரியவளும் மோட்டாரைப் போடவில்லை. ரப்பர் குழாயைச் சுருட்டிப் பரணில் போட்டாள். தையல்காரர் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டே, “ரெண்டு நாளா வீடு அமைதியா இருக்கு” என்றார். “வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க” என்றாள்.

அதற்கடுத்த நாள் காலை வாசல் கம்பிக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சின்னவள் இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாக நின்றிருந்தாள். இரண்டும் காலி.

“அக்கா, ரெண்டு குடம் பிடிச்சுக்கவா?”

பெரியவள் அவள் முகத்தைத் தேடினாள். கேலி இருக்கிறதா, கோபம் இருக்கிறதா, குத்திக்காட்டும் சிரிப்பு ஏதாவது உதட்டோரம் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தாள். தூங்கி எழுந்து முகம் கழுவிய சாதாரண முகம்தான் இருந்தது.

“உன் வீட்டுலதான் குழாயும் இருக்கு, கிணறும் இருக்கே.”

“இருக்கட்டுங்கக்கா.”

வேறெதுவும் சொல்லாமல் குடத்தைக் கீழே வைத்தாள். வேண்டாம், போ என்று சொல்லப் பெரியவளுக்கு வாய் வரை வந்தது. ஆனால் கால் பரணைப் பார்க்கப் போனது. ரப்பர் குழாயை எடுத்து மாட்டினாள். மோட்டாரைப் போட்டாள். அது ஒருமுறை இருமிவிட்டு, பழைய குரலில் உறுமியது. குழாய் கைக்குள் விறைத்து, தண்ணீர் வந்தது. கீழே மட்டம் ஏறியிருந்ததால் முன்பைவிடச் சீக்கிரம் வந்தது. சின்னவள் குனிந்து குடத்தைச் சாய்த்துப் பிடித்தாள். குடத்துக்குள் சத்தம் மேலே மேலே ஏறி வந்தது. தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று பெரியவள் ஒருமுறை தலையைத் திருப்பினாள். அப்படித் திருப்பிய தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

இரண்டு குடத்தையும் தூக்கிக்கொண்டு சின்னவள் போனாள். போகும்போது வாசற்படியில் கொஞ்சம் தளும்பியது. நாலு எட்டில் அவள் வீடு. பெரியவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மோட்டாரை நிறுத்தாமலேயே ரப்பர் குழாயைப் போட்டுவிட்டு, பின்பக்கம் போய், துவைக்கிற கல்லின் மேல் ஏறி, சுவரின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

சின்னவள் சமையலறைக்குப் போகவில்லை. நேரே கிணற்றடிக்கு வந்தாள். ஒரு குடத்தை வெள்ளைச் சுவரின்மேல் வைத்து, இரண்டு கையாலும் பிடித்து, ஒரு பக்கம் சிந்தாமல் மெல்லச் சாய்த்தாள். தண்ணீர் கிணற்றுக்குள் விழுந்தது. விழுந்த சத்தம் உடனே கேட்டது, கைக்கெட்டும் தூரத்தில் கேட்பதுபோல. அடுத்த குடத்தையும் எடுத்து அதேபோலச் சாய்த்தாள். கடைசிச் சொட்டு வடியும்வரை பிடித்திருந்தாள்.

கொடுக்கிற ருசியையும் அவளே கொடுத்துவிட்டாள் என்று பெரியவளுக்குத் தோன்றியது. சுவரைப் பிடித்திருந்த விரல்கள் வலித்தன.

பின்னால் வாசலில் ரப்பர் குழாய் தன்பாட்டுக்குத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. சின்னவள் காலிக்குடங்களை இடுப்பிலும் கையிலும் எடுத்துக்கொண்டு மறுபடியும் தன் வாசலை நோக்கி நடந்தாள். பெரியவள் கல்லிலிருந்து இறங்கி, அவள் வந்து சேருமுன் குழாயைக் கையில் பிடிக்க ஈரக்காலோடு முன்பக்கம் ஓடினாள்.